பதினொரு குதிரை

கோயம்புத்தூரில் பழைய ஆர்எக்ஸ் 100 ஓட்டுகிறவனை சிக்னலில் முன்பின் தெரியாதவர்கூட விசாரிப்பார். "குடுக்கறீங்களா?" என்பது முதல் கேள்வி. இன்ஜின் வேலை முடித்த வண்டி என்று தெரிந்தால் இரண்டாவதும் உண்டு: "டைனோவுல ஏத்திப் பாத்தீங்களா?"

1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. போர் பண்ணி, பிஸ்டன் மாற்றி, கிராங்க் பேரிங்கும் போட்டாயிற்று. வண்டிக்குக் கம்ப்ரஷன் ஏறியது. பில்லைப் பார்த்து எனக்கு இறங்கியது. இதற்குமேல் டைனோவுக்கும் அழ வேண்டுமா என்பதுதான் இப்போதைய பஞ்சாயத்து.

டைனோவில் பின்சக்கரத்தைக் கனத்த உருளைமேல் நிறுத்தி, வண்டியைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்குவார்கள். உருளை எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து கம்ப்யூட்டர் குதிரைசக்தியைக் கணக்குப் போடும். இதில் ஒரு வில்லங்கம். கம்பெனி சொன்ன 11 குதிரையும் இன்ஜினில், 7,500 ஆர்பிஎம்மில். சக்கரத்துக்கு வருவதற்குள் கியரும் செயினும் தங்கள் கமிஷனை எடுத்துக்கொள்ளும். ஆக, இன்ஜினில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் தாளில் 11 வராது. காசு கொடுத்து வயிற்றெரிச்சலை வாங்கிவர வேண்டும்.

ஒரு குதிரைசக்தி என்றால் 746 வாட் என்று வீட்டில் விளக்கியதுதான் வம்பாகிவிட்டது. எங்கள் மிக்ஸி 750 வாட்.

"அப்ப உங்க வண்டி பதினொரு மிக்ஸி. அதுல ஒண்ணு ரெண்டு கொறையுதான்னு பாக்க இத்தனை ரூவாயா? ஏனுங்க, வீட்ல இருக்கற ஒத்தக் குதிரைக்கு ஜார் புஷ் மாத்திக் குடுங்கன்னு தீபாவளிக்கு முந்தியே சொன்னனே?"

போர்ட்டிங் செய்து, எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டுகிறவர்களுக்கு டைனோ தேவைதான். ஒவ்வொரு ஜெட்டாக மாற்றி, அதே மெஷினில் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகிவிடும். அவினாசி ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் ஆவதைவிட அதை உருளைமேல் கண்டுபிடிப்பது உத்தமம். என்னுடையதோ அச்சு அசல் கம்பெனி செட்டிங். கம்ப்ரஷன் கேஜும், கழற்றினால் பிஸ்கட் நிறத்தில் இருக்கும் பிளக்கும் இதற்குப் போதும். புத்திக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரைபடத்தை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கு விட்டபாடில்லை.

மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"ஏனுங்ணா, எட்டுதான் வருதுன்னு மெஷின் சொன்னா மறுக்காப் பிரிக்கச் சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"பதினொண்ணு வந்தா வேகமா ஓட்டுவீங்களா?"

"அதுவும் மாட்டேன்."

"அந்தக் காச இங்க குடுங்ணா, கிளட்ச் பிளேட் போட்டுறலாம். பழசு வழுக்குது. அதோட டைனோவுல ஏத்துனீங்கன்னா எட்டுக்கூட வராது."