சந்தேகத்துக்குச் சம்பளம்

எல்லா மெஷினையும் கம்ப்யூட்டரே கண்காணிக்கிறதே, கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டருக்குச் சம்பளம் எதற்கு?

கண்காணிப்பதைச் சந்தேகிப்பதற்கு! 1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கண்ட்ரோல் பலகையில் அதன் விளக்கோ அணைந்துவிட்டது. அது காட்டியது ‘மூடு’ என்று உத்தரவு போனதை, வால்வு மூடியதை அல்ல. (அரசு அலுவலகத்தில் இதற்கு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பெயர்.) உலையைக் குளிர்விக்கும் அவசர நீரைக் குறைத்தது ஆபரேட்டர்கள்தானே என்பீர்கள். உண்மை, விளக்கை நம்பியதும் அதற்கு ஒரு காரணம். உலையின் மையம் ஏறக்குறைய பாதி உருகியது. கூடுதலாக நாலு சென்சார் வைத்தால் போதாதா? போதாது, திரையே அடுத்தவர் கைக்குப் போகலாம். 2015 டிசம்பரில் உக்ரைன் மின்விநியோக நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த ஹேக்கர்கள் கண்ட்ரோல் ரூம் திரையிலிருந்தே பிரேக்கர்களைத் திறந்து கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். துணைமின் நிலையங்களுக்கு ஆட்கள் நேரில் போய்க் கையால் போட்டபிறகே கரண்ட் வந்தது.