வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்ள

வாங்கிட்ட. இனி என்ன சொல்லி என்ன ஆகப்போகுது. எம்.எம். 540 ஜீப்பு, 1988 மாடலு, பச்சைப் பெயிண்டு, நெத்தியில ஆறு மஞ்ச வெளக்கு, பின்னாடி ஒரு ஏணி. ஏணி எதுக்குன்னு ஒங்க அத்தை கேட்டா. வண்டி நின்னுபோனா மேல ஏறி நின்னு ஆளைக் கூப்பிடுறதுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லிரு.

நான் கொறை சொல்ற ஆளு இல்ல. செல்ஃப் எடுக்கலைன்னதும் புது பேட்டரி வாங்குனயே, நல்ல காரியம். அதுக்கும் எடுக்கலைன்னு செல்ஃப் மோட்டாரையே மாத்துனயே, அது அதவிட நல்ல காரியம். பேட்டரிக் கடைக்காரரும் பிள்ளைகுட்டிக்காரர்தான, நாலு பேரு ஒன்னய மாதிரி வந்தாத்தான அவரும் பிழைக்க முடியும். இப்ப மூணாவதா எதை மாத்தலாம்னு வந்து நிக்குற. எதையும் மாத்தாத. இஞ்சினுல இருந்து சேசிஸுக்கு ஒரு எர்த் பட்டை போகும், பாத்திருக்கியா? இஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு. ரப்பர்ல கரண்டு போகாது. செல்ஃபுக்குப் போன கரண்டு பேட்டரிக்குத் திரும்புறதுக்கு அந்தப் பட்டைதான் பாதை. முப்பது வருசத்துச் சேறும் துருவும் அதுமேல அப்பிக் கெடக்கு. கழட்டு, உப்புத்தாள் போட்டுத் தேயி, ரெண்டு முனையும் பளபளன்னு ஆனதும் இறுக்கு. நம்பிக்கை இல்லைன்னா மல்டிமீட்டர் வச்சுப் பாரு. ஒரு முனை இஞ்சின் மேல, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல. ஒருத்தனைச் சாவி திருகச் சொல்லு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா எர்த்து சரியில்லைன்னு அர்த்தம். உப்புத்தாள் என்ன வெலைன்னு கேட்டுராத, வருத்தப்படுவ.

அடுத்தது அந்தக் காலைநேரக் கதை. ராத்திரி வீட்டுக்கு முன்னாடி மேட்டுல ஏத்தி நிறுத்துற, விடிஞ்சா கிளம்ப மாட்டேங்குது, பத்துப்பேரு தள்ளணும். பக்கத்து வீட்டுப் பயலுக எல்லாம் ஒன்னயப் பாத்தாலே வேற தெருவுல போறானுகளாம். நாசில் போச்சு, பம்ப் போச்சுன்னு ஒருத்தர் சொன்னாராமே. சொல்லத்தான் செய்வாரு. பம்பைக் கழட்டுனாத்தான் அவருக்கு வரும்படி. ஆனா சாயங்காலம் அதே பம்பு, அதே நாசிலை வச்சுக்கிட்டு வண்டி ஜம்முன்னு ஓடுதே, அது எப்படின்னு அவரைக் கேட்டியா?

டீசல் லைன்ல காத்துப் பிடிக்குது மாப்ள. டேங்குல இருந்து பம்பு வரைக்கும் டீசலை உறிஞ்சுற பக்கம். அங்க ஒரு கிளிப்பு லூசா இருந்தாலும், ஒரு வாஷர் தேஞ்சிருந்தாலும் டீசல் வெளிய சொட்டாது, காத்து உள்ள போகும். இளநீருக்குள்ள ஓட்டை விழுந்த ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சிப் பாரு, வெளங்கும். வெளிய ஒழுகுனா தரையில தெரியும், உள்ள ஒழுகுறது எவன் கண்ணுக்கும் தெரியாது. அதுக்குத்தான் சொல்றேன், பில்டருக்கு முன்னாடி ஒரு சாண் கண்ணாடி ஓஸ் மாட்டிப் பாரு. குமிழு வருதா, அப்ப டேங்குப் பக்கத்துல இருந்து ஒவ்வொரு மூட்டா இறுக்கிக்கிட்டே வா. அப்பறம் ஏர் எடு. பில்டர் தலைமேல இருக்கிற போல்ட்டை ரெண்டு சுத்து லூசாக்கி, கைப்பம்பை அடி. நுரை நின்னு சுத்த டீசல் வந்ததும் இறுக்கிரு. இதைப் படிச்சவன்தான் செய்யணும்னு இல்ல, படிச்ச நீயும் செய்யலாம்.

அது சரியாகியும் மலைமேல டாப் ஸ்டேஷன் போனா மட்டும் காலையில மக்கர் பண்ணுதுன்னு வையி, ஹீட்டர் பிளக்கைப் பாரு. உள்ள இருக்கிறது பியூஜியோ டீசல் இஞ்சின், 2,112 சி.சி. இதே அளவு டீசல் இஞ்சினோட அந்தக் கம்பெனியோட 504 காரும் ஓடுச்சு. சின்ன அறையில தீயைப் பத்த வச்சு அப்பறம் சிலிண்டருக்குள்ள விடுற ரகம். குளிருல அந்த அறையைச் சூடாக்காட்டி தீ பிடிக்காது. போடியில வெயிலு அந்த வேலையை இனாமாச் செஞ்சிருது, அதனால பிளக்கு செத்தது ஒனக்குத் தெரியல. ஒயரைக் கழட்டிட்டு, பேட்டரி பிளஸ்ல ஒரு டெஸ்ட் லேம்பை மாட்டி மறு முனையைப் பிளக்குல வையி. வெளக்கு எரியலைன்னா அந்தப் பிளக்கு காலி. நாலுல ரெண்டு செத்திருந்தா ஆச்சரியப்படாத.

இப்ப வெள்ளை யானைக்கு வர்றேன். அந்த டயரு. எம்புட்டுப் பெருசு! ஊரே பாக்குது. இஞ்சினும் பாக்குது, கிளட்சும் பாக்குது, கிங்பின்னும் பாக்குது, அதுகளுக்கு வாய்தான் இல்ல. அந்த டயரைப் போட்டதுக்கு அப்பறம்தான் 50 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டியரிங் கையை உதறுதுன்னு சொன்ன. உடனே ஸ்டியரிங் டேம்பர் ஒண்ணு வாங்கி மாட்டுன. கொஞ்சநாள் உதறலை. மறுபடி உதறுச்சு. இன்னும் பெரிய டேம்பர் வாங்குன. அடுத்து எதுவும் பெருசா இருக்கான்னு கடையில கேட்டியாமே?

டேம்பர் ஆட்டத்தை மறைக்கும் மாப்ள, தீக்காது. முன் ஆக்சிலை ஜாக்கி வச்சுத் தூக்கு. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ஆடுதா? ஆடும். இப்ப ஒருத்தனை உள்ள உக்காரவச்சு பிரேக்கை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்னுபோச்சுன்னா வீல் பேரிங். பிரேக் பிடிச்சும் ஆடுதுன்னா கிங்பின் பேரிங். கிங்பின்ல மேல ஷிம்முன்னு மெல்லிசுத் தகடு இருக்கும். பேரிங் நல்லா இருந்து வெறும் லூசு மட்டும்னா ஒரு தகட்டை உருவுனாப் போதும், இறுகிரும். பேரிங் குழிவிழுந்திருந்தா மாத்தித்தான் ஆகணும், அதுல சிக்கனம் பாக்காத. அப்பறம் சக்கரத்தை இறக்கு, ஒருத்தன் ஸ்டியரிங்கை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்ட, நீ கீழ படுத்துக்கிட்டு ஒவ்வொரு மூட்டுலயும் வெரலை வையி. டை ராட் எண்டு, ஸ்டியரிங் பெட்டி, பட்டாவோட ஷாக்கிள் புஷ்ஷு. எது முதல்ல குதிக்குதோ அதுதான் ஆளு. சட்டை அழுக்காகும். ஆகட்டும், படம் எடுத்துப் போட்டுக்க.

படுத்த வாக்குல புரொப்பெல்லர் ஷாப்டையும் பாத்துரு. நடுவுல கழண்டு சேர்ற எடம் இருக்குல்ல, அதைக் கிராஸ் மாத்துன அன்னைக்கு ஒரு பல்லு மாத்திச் சொருகியிருந்தா ரெண்டு முனையில இருக்கிற கிராஸும் ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்காது. வண்டி பூரா கிர்ருன்னு நடுங்கும். புதுக் கிராஸ் போட்டபெறகுதான் நடுக்கம் வந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னா, பார்ட்ஸு டூப்ளிகேட்டுன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி அங்க பாருன்னு சொல்லு. ஆமா, ஒருத்தன்னு சொன்னது ஒன்னயத்தான்.

சக்கரத்தைக் கழட்டுறப்ப ஒண்ணு. இந்த வண்டியோட பாட்டன் 1941-இல சண்டைக்குப் போன வில்லிஸ். அப்பறம் பம்பாயில அதைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. அந்த வம்சத்துப் பழைய வண்டிகள்ல இடது பக்கத்து நட்டெல்லாம் எதிர்த்திருகு. ஸ்டட்டோட முனையில எல்-னு இங்கிலீசு எழுத்து இருந்தா, மத்த நட்டை இறுக்குற பக்கம் திருப்புனாத்தான் இது கழலும். தெரியாம பைப்பைச் சொருகி ரெண்டுபேரு மேல ஏறி நின்னு ஸ்டட்டை முறிச்ச வீரனுங்க உண்டு. நல்ல பலசாலிகதான்.

நாலு சக்கரமும் இழுக்குற லீவர் சிக்கிக்கிச்சு, சுத்தியல் எடுத்துட்டு வான்னு ஒன் சிநேகிதன் கத்துனானாமே. எங்க வச்சு அதைப் போட்டீங்க? தேனி ரோட்டுல, காஞ்ச தார்ல. எதுக்கு? கெத்தா இருக்கும்னு. வளைவுல முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடணும். இந்த வண்டியில ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. மண்ணுல சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளிச்சுக்கும், தாருல வழுக்காது. ஷாப்டு முறுக்கிக்கிட்டு லீவரை இறுக்கிப் பிடிச்சுக்கும். சுத்தியல் வேணாம். ரிவர்ஸ் போட்டு பத்தடி நேராப் பின்னால வா, முறுக்கு அவுந்து லீவர் தானா வரும்.

சூடு ஏறுதுன்னு தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிஞ்சுட்டாங்கள்ல, அதை முதல்ல திரும்பப் போடு. அது இல்லாட்டி கீழ ஓடுறப்ப இஞ்சின் சூடே ஆகாம பொகையும், தேயும். சூடு ஏறுறது சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு மாட்டுவண்டி வேகத்துல ஏறுறப்பத்தான? ரேடியேட்டரோட முன்பக்கத்தைப் பாரு, புல்லுவெதையும் பூச்சியுமா அடைச்சுக் கெடக்கும். இஞ்சின் பக்கம் இருந்து வெளிய தள்ளுற மாதிரி தண்ணி அடி. அப்பறம் மூடி. 7,000 அடி ஒசரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும். மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சாத்தான் அது கொதிக்காம நிக்கும். மூடியோட ரப்பர் காய்ஞ்சு வெடிச்சிருந்தா நீ புது ரேடியேட்டரே போட்டாலும் மேல போயி பொங்கத்தான் செய்யும். சூட்டோட மட்டும் தொறந்துராத, ஒங்கம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

மேல போனா கரும்பொகை தள்ளுதுன்னு பம்பைத் திருகப்போறியா? அங்க காத்தே அஞ்சுல ஒரு பங்கு கம்மி, டீசல் மட்டும் அதே அளவு போகுது. பொகையாம என்ன செய்யும்? ஏர் பில்டரைச் சுத்தம் பண்ணிட்டு, ஆக்சிலேட்டர்ல இருந்து காலைக் கொஞ்சம் எடு. நீலப்பொகை வந்தாத்தான் என்கிட்ட வா, அது ஆயிலு எரியிறது. பணத்தோட வா.

ஸ்னார்க்கல் ஒண்ணு வச்சிருக்கியே, யானை தும்பிக்கை கணக்கா! கொட்டகுடி ஆத்துல முட்டளவு தண்ணி ஓடுனா ஊரே வேடிக்கை பாக்கப் போகும், அதுல தும்பிக்கை. வச்சது தப்பில்ல. ஆனா அதுல இருந்து ஏர் பில்டருக்குப் போற ரப்பர் ஓஸ்ல வெரல் போற வெடிப்பு இருக்கு, அதைப் பாக்கலையா? தண்ணிக்குப் பயந்து கூரைக்கு மேல மூக்கு வச்சவன் இடுப்புல ஓட்டையோட நிக்குற. அதவிட ஆக்சில் பிரீத்தரைப் பாரு. சேறு அடைச்சிருந்தா, சூடான ஆக்சில் ஆத்துல எறங்கிக் குளுந்ததும் ஆயில் சீல் வழியாத் தண்ணியை உள்ள இழுத்துரும். டிரெயின் பிளக்கை அவுத்துப் பாரு, ஆயிலு பால் கலந்த டீ நெறத்துல இருந்தா மாத்தியாகணும்.

பிரேக்கு நாலும் டிரம்மு. மிதி பஞ்சாட்டம் இருந்தா காத்து. மிதிச்சு வச்சிருக்கையில மெல்ல மெல்ல உள்ள போனா மாஸ்டர் சிலிண்டர். ஒரு பக்கம் இழுத்தா லைனர்ல எண்ணெய், இல்லாட்டி அட்ஜஸ்ட்மெண்டு. எதுவா இருந்தாலும் எறக்கத்துல பிரேக்கை நம்பாத, ஏறுன கியர்லயே எறங்கு.

இம்புட்டும் பாத்து முடிச்சுட்டா டெஸ்ட் பண்ணணும்ல. வெறும் வண்டியை ஓட்டிப் பாத்து ஒண்ணும் தெரியாது, லோடு ஏத்தணும். நல்லவேளை, போடிமெட்டுக்கு மேல நம்ம ஏலத்தோட்டத்துக்கு எருமூடை கொஞ்சம் போக வேண்டியிருக்கு. எனக்காகச் சொல்லல, ஒன் கிளட்சுக்காகச் சொல்றேன். எறக்கத்துல பிரேக்கைப் பாக்கணும்னா அப்பவும் பாரம் வேணும், வர்றப்ப ஏலக்கா மூடையை ஏத்திக்கிருவோம். டீசலை நீயே போட்டுக்க, டெஸ்டு ஒன்னோடதுதான. நானும் முன்சீட்டுல உக்காந்துக்கிறேன், எடைக்கு.