வரைபட வேட்பாளருக்கு என் வாக்கு

1688-லேயே மாநகராட்சி கண்ட சென்னையில் எண்ணூரும் திருவொற்றியூரும் சேர்க்கப்பட்டது 2011-இல்தான். அந்த சௌபாக்கியத்தைப் பூரணமாக அனுபவிப்பதற்குள், 2016 முதல் 2022 வரை மன்றமே இல்லாத சூனிய காலமும் வாய்த்தது.

ஆகையால், சாக்கடை அடைப்பை நீக்குவேன் என்னும் சாமானியரை விட்டு, துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டும் கண்டெய்னர் லாரிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் எல்லை வகுத்து நகரைத் திட்டமிடுவேன் என்று, வரைபடச் சுருளோடு கவுன்சிலர் வேட்பாளர் ஒருவர் ராயபுரத்துத் தெருவில் தோன்றுவாராயின், அவருக்கே என் பரிபூரண ஆதரவு. அரசியல் சாசனத்தின் 12-ஆம் அட்டவணையும் நகரத் திட்டமிடலையே முதலாவதாக வைத்திருக்கிறது.

நிலப்பயன்பாட்டை நிர்ணயிக்கும் அதிகாரம் மட்டும் எழும்பூரில், பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. எனவே, ஜெயித்தபின் அவரும் மனுக் கொடுக்கும் வரிசையில் நமக்குப் பின்னால் வந்து நிற்பார். வாசகர்கள் சற்றே நகர்ந்து இடம் கொடுக்க வேண்டுகிறேன்.