இப்னு பதூதாவுக்கு எத்தனை லைஃப்?

துபாய்த் தமிழர்களுக்கு இப்னு பதூதா என்றால் ஒரு மால். ஆண்டலூசியாவில் நுழைந்து, எகிப்து, பாரசீகம், இந்தியா வழியாகச் சீனாவில் வெளியே வந்துவிடலாம். ஏசி காற்று இலவசம். அசல் மனிதரான மொராக்கோ யாத்ரீகருக்கு இந்தச் சுற்று முடிய முப்பது வருஷம் பிடித்தது.

2011-ல் அமெரிக்காக்காரர்கள் 'அன்சார்ட்டட் 3' கேமில் தங்கள் ஹீரோவை விமானத்திலிருந்து அரேபியப் பாலைவனத்தில் தள்ளிவிட்டார்கள். ரியாத்தின் செமாஃபோர் ஸ்டூடியோவுக்கு ரோஷம் வந்ததோ என்னவோ, 2013-ல் 'அன்எர்த்டு: டிரெயில் ஆஃப் இப்னு பதூதா' என்று ஒரு கேமை இறக்கியது. ஹீரோ ஃபாரிஸ் ஜவாத் ஓடினான், தொங்கினான், சுட்டான். விமர்சகர்களோ அவனைச் சுட்டார்கள். அன்சார்ட்டட்டைப் பார்த்துக் காப்பி அடித்ததாம்!

காப்பியில் என்ன கேவலம்? பதூதாவின் புத்தகமே அப்படித்தான் தயாரானது. ஊர் திரும்பியவரைச் சொல்லச் சொன்னவர் மொராக்கோ சுல்தான் அபூ இனான். ஆக, அவர்தான் பப்ளிஷர். எழுதியவர் இப்னு ஜுஸய். சரக்கு குறைந்த இடங்களில், முந்தைய யாத்ரீகர் இப்னு ஜுபைரின் வர்ணனைகளைக் கூசாமல் அள்ளி ஒட்டினார். கேம் ஸ்டூடியோக்களில் இதற்குப் பெயர் அசெட் ரீயூஸ். டெட்லைன் நெருங்கினால் பழைய கேமின் மரமும் சுவரும் புதுசில் வந்து நிற்கும்.

வருத்தம் வேறு. பதூதாவின் வாழ்க்கையே ஒரு கேம். 1325-ல் 21 வயதில் டான்ஜியரில் ஸ்டார்ட். டெல்லியில் காஜி வேலை; முகமது பின் துக்ளக் எப்போது பரிசு தருவார், எப்போது தலையை எடுப்பார் என்று தெரியாத லெவல். கோழிக்கோட்டில் கப்பல் புயலில் போக, ஜும்ஆ தொழுகைக்காகக் கரையில் நின்றவர் தப்பினார். அப்புறம் நம்ம மதுரை. அங்கே சுல்தான் கியாசுதீன் இவருக்குச் சகலை. ஊரெல்லாம் கொள்ளைநோய், இவருக்கும் காய்ச்சல். சுமார் ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிற்றால் போய், பிழைத்து எழுந்தார். ஹெல்த் பார் ஃபுல்! அடுத்து கடற்கொள்ளையர்கள். கால்சட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்வென்டரி காலி.

இவ்வளவும் கையில் இருக்க, துப்பாக்கியைத் தூக்கியதுதான் ரியாத்காரர்களின் தப்பு. காப்பி அடிப்பவன் நல்ல பேப்பரைப் பார்த்து அடிக்க வேண்டாமா?

2023-ல் சவூதியின் சாவி கேம்ஸ் குரூப் 490 கோடி டாலருக்கு ஸ்கோப்லி கம்பெனியையே வாங்கியது. அந்தப் பணப்பெட்டியில் சில்லறை மிச்சமிருந்தால் ஒரு மதுரை லெவல் போடுங்கள், ஷேக்மார்களே. புளி எங்கள் செலவு.