கட்டிலுக்கு அடியில் ஒரு ஜங்ஷன்

பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் கடன் போட்டு இரண்டு படுக்கையறை வீடு வாங்கியவருக்கு மிஞ்சுவது கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடம். 87-இல் ஒரு பங்கான ஹெச்ஓ அளவில் மாதிரி ரயில் விட அது தாராளம். பணம்தான் போதாது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. ஜெர்மன் எஞ்சின் ஒன்று வாங்கினால், அரசுக்கும் முக்கால் எஞ்சின் வாங்கித் தந்த புண்ணியம்.

ஆகவே பெட்டிகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை, ஜல்லிக்குச் சலித்த மணல், புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள், செம்மண்ணுக்குக் காயவைத்த டீத்தூள். காபி குடிக்கிற வீடாக இருந்தால் கொள்கை மாற வேண்டிவரும்.

வம்பு தண்டவாளத்தில். கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 19-ஐத் தாண்டும். பக்கத்து ஹீலலிகே ஸ்டேஷனைப் பெயர்ப்பலகை வரை இழைத்தாலும், தண்டவாளம் பத்தியம் இருந்ததுபோல் ஒட்டிப்போயிருக்கும். மெட்ரோ பாதை 1,435 மி.மீ., கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தூண் தூணாகப் பிவிசி குழாய் வெட்ட வேண்டும். நல்லவேளை, 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் சந்தாபுராவுக்கு வராமல் பொம்மசந்திராவிலேயே நின்றுவிட்டது. நாலு தூண் மிச்சம்.