சம்பளம் கொடுத்து வேலை பார்ப்பவர்கள்

பெறுநர்:
தொழிலாளர் ஆணையர் அவர்கள்,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை, சென்னை.

பொருள்: வீட்டிலிருந்தே பணிபுரியும் பந்தயச் செயலித் தொழிலாளர்கள் – ஊதிய நிலுவை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் சத்தமில்லாமல் வளர்ந்துவிட்ட ஒரு தொழில் தங்கள் பதிவேட்டில் ஏறாமலேயே இருக்கிறது. இதற்குக் கொடி இல்லை, சங்கம் இல்லை, மே தின ஊர்வலம் இல்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த கையோடு, அல்லது பென்ஷன் விழுந்த மறுநாள் காலையில், தொழிலாளர் கைப்பேசியுடன் உட்கார்ந்தால் ஷிப்ட் ஆரம்பம். உட்கார்ந்தால் என்பதைக் கவனியுங்கள். ரங்கநாதன் தெருத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு ஒரு இருக்கை கிடைக்க 2021-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இந்த முதலாளிகள் அதை முதல் நாளே அனுமதித்துவிட்டார்கள்.

இன்னொன்றிலும் முந்திக்கொண்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணி நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. இவர்கள் அதற்கு முன்பிருந்தே லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து சகிதம் கொடுத்துவருகிறார்கள். எச்.ஆர். பெண்மணி தினமும் வாட்ஸ்அப்பில் வந்து, "மேடம், சாப்டாச்சா?" என்று விசாரிக்கிறார். பெற்ற பிள்ளை அமெரிக்காவிலிருந்து வாரம் ஒருமுறைதான் கேட்கிறான்.

வேலை சுலபம். யூடியூப் வீடியோவுக்கு ஒரு லைக், கூகுள் மேப்பில் கண்ணால் பார்த்திராத ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம். நூற்றைம்பது ரூபாய் உண்மையாகவே கணக்கில் விழும். பிறகு டெலிகிராம் குழு. அங்கே நூறு பேர் தாங்கள் எடுத்த பணத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, சாருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதில் தொண்ணூற்றொன்பது பேர் கம்பெனி ஆட்கள். மிச்சமிருக்கும் ஒருவர்தான் எங்கள் மந்தைவெளி மாமி.

அடுத்தது பதவி உயர்வு. அதன் பெயர் 'ப்ரீபெய்டு டாஸ்க்'. சிவப்பா பச்சையா, எந்த டீம் ஜெயிக்கும் என்று மென்பொருளே கணித்துச் சொல்லிவிடும். மாமி பணத்தைக் கட்டி பட்டனை அழுத்தினால் போதும். ஆயிரம் ஆயிரத்து முந்நூறாகும், பத்தாயிரம் பதின்மூவாயிரமாகும். திரையில் லட்சங்கள் ஏறும். எடுக்கப் போனால் வரி கட்டச் சொல்வார்கள். வரி கட்டினால் கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது, அதற்கும் கட்டு என்பார்கள். பந்தயம் என்று ஒன்று எங்கேயும் நடக்கவே இல்லை, ஐயா. திரையில் தெரிந்தது யாரோ தட்டச்சு செய்த எண். கிண்டியில் தோற்றவருக்காவது ஒரு குதிரை ஓடியது. குதிரைப் பந்தயத்தைத் திறமை ஆட்டம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஊதியத்தில் பாதிக்கு மேல் பிடித்தம் செய்யக் கூடாது. இங்கே ஊதியம் முழுவதும் பிடித்தம், அதற்கு மேல் தாலிக்கொடியும் பிடித்தம்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடியவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்றிருப்பதைப் பேரன் வாசித்துக் காட்டினான். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க எடுத்த போனை மாமி கீழே வைத்துவிட்டார். "நான் எங்கேடா சூதாடினேன்? வேலைன்னா பார்த்தேன்" என்கிறார். பணம் கைமாறும் முன் வங்கியில் முடக்க முதல் சில மணி நேரம்தான் அவகாசம். அது அந்த விவாதத்திலேயே போயிற்று. ஒன்றிய அரசின் 2025-ஆம் ஆண்டு இணையவழி விளையாட்டுச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. இதை அவருக்குச் சொல்ல ஒரு துறையும் படியேறி வரவில்லை.

2023 டிசம்பர் 6 அன்று உள்துறை அமைச்சகம் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை முடக்கியபோது, குறிவைக்கப்படுவோர் யார் என்றும் சொன்னது: ஓய்வுபெற்றவர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள். உங்கள் துறை கைதூக்கிவிட வேண்டியவர்களும் இவர்கள்தானே?

பணத்தை வாங்கிக் கைமாற்றும் வங்கிக் கணக்கு யாருடையது என்று தேடினால் ஒரு கல்லூரிப் பையன் அகப்படுவான். கணக்கை வாடகைக்கு விட்டால் கமிஷன் என்றார்களாம். பார்ட் டைம் வேலை. சரி, எதிர்முனையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவராவது முதலாளியா? 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போனவர்கள். எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லித் துன்புறுத்தப்பட்டவர்கள். ஏமாறுகிறவர், ஏமாற்றுகிறவர், நடுவில் கணக்குக் கொடுத்தவர் என மூவருமே வேலை தேடி ஒரு விளம்பரத்தை நம்பியவர்களாக இருக்கக்கூடும். ஒரு துறை இதைச் சூதாட்டம் என்கிறது, இன்னொன்று சைபர் குற்றம் என்கிறது, உறவினர்கள் பேராசை என்கிறார்கள். வேலைவாய்ப்பு மோசடி என்று சொல்லவேண்டிய தாங்கள் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

எனவே ஒரு ஆய்வாளரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். பெயர்ப்பலகை தமிழில் இல்லை என்றாவது ஒரு வழக்குப் போடலாம். பலகை வாரத்துக்கு ஒருமுறை மாறுவதால் அவர் சற்று சுறுசுறுப்பானவராக இருத்தல் நலம். விளம்பரத்தை வெளியிட்டுக் காசு பார்த்த சமூக ஊடக நிறுவனங்களின் முகவரி மாறுவதில்லை. அங்கிருந்து தொடங்கினால் ஆட்டோ செலவு மிச்சம்.

இங்ஙனம்,
மயிலாப்பூர்வாசி

நகல்: வருங்கால வைப்பு நிதி அலுவலகம், ராயப்பேட்டை. (மேற்படி தொழிலாளர்கள் ஓய்வின்போது பெற்ற வைப்பு நிதி முழுவதும் புதிய முதலாளியிடம் செலுத்தப்பட்டுவிட்டது. தகவலுக்காக.)