பயாலஜி வேண்டாம் என்று சொல்ல அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்: டிப்ளோமா தாதியர் பயிற்சிக்குத் தகுதி விதி எழுதும் மேசை, சுகாதார அமைச்சு, புத்ராஜெயா.
அனுப்புநர்: ஜாலான் ரஹ்மாட் பக்கம் கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்தும் வாத்தியார், பத்து பாகாட்.

ஐயா, அம்மா,

நான் பயாலஜி சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன். அப்படியிருந்தும், மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, ஆசைப்படும் பிள்ளைகளிடம் "பயாலஜி இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காதே" என்று சொல்ல அனுமதி கேட்டு இதை எழுதுகிறேன். உங்கள் விதியைப் புரிந்துகொண்ட எவனும் வேறு புத்தி சொல்ல மாட்டான்.

விதி எளிமையானதுதான். எஸ்.பி.எம்.-இல் ஐந்து கிரெடிட். மலாய், கணிதம், அறிவியல் பாடம் ஒன்று, மற்ற பாடம் இரண்டு. ஆங்கிலத்தில் தேறினால் போதும். தமிழ்மொழியில் வாங்கும் கிரெடிட்டும் அந்த இரண்டில் ஒன்றாகச் சேரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள் சார்பில் அதற்கு ஒரு கும்பிடு. அறிவியலில் எது என்று மட்டும் நீங்கள் அலட்டிக்கொள்வதில்லை. பெரிய மனசு.

என் மாடிக்கு வரும் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்காரி பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றையும் எடுத்தவள். அப்படி எடுத்தவளுக்குப் பொது 'சயின்ஸ்' பாடம் கிடையாது. சறுக்கினால் பிடித்துக்கொள்ள வேறு கிளை இல்லை. சிறுநீரகத்தில் நெஃப்ரான் எப்படி வடிகட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். தேர்வில் மூன்றிலும் 'டி'. அது தேர்ச்சிதான், கிரெடிட் இல்லை. உங்கள் கதவு அவளுக்குத் திறக்காது. இரண்டாம் வகைக்காரி பொது சயின்ஸோடு நின்றுகொண்டவள், என்னிடம் கணக்குக்கு மட்டும் வருபவள். நெஃப்ரானா, அது எந்த ஊர் என்பாள். சயின்ஸில் 'சி' வாங்குவாள். "வாம்மா, உட்காரு" என்பீர்கள். உட்கார்ந்த கையோடு அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி என்று வரிசையாக இறக்குவீர்கள், நெஃப்ரான் உட்பட. அவள் திணறும்போது, இதையெல்லாம் படித்துவிட்டு வந்தவள் வெளியே பேரங்காடியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள்.

பொது சயின்ஸ் மட்டமான பாடம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நினைப்பது எங்கள் ஊர்ப் பெற்றோர். "சயின்ஸ் பாக்கேஜ் கிடைக்கலியாம்" என்று துக்க வீட்டுக் குரலில் பேசுவார்கள். படிவம் நான்கு சயின்ஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஆரம்பத்திலேயே சி.பி.ஆர்., தொண்டையில் அடைத்துக்கொண்டதை வெளியே தள்ளும் ஹைம்லிக் முறை. அடுத்த பாடத்தில் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் அளப்பது. வார்டில் மிஸ்ஸி ஷிஃப்டுக்கு வந்ததும் முதலில் கைவைக்கும் வேலை அதுதான். பயாலஜி புத்தகத்தில் இதயத்தின் நான்கு அறையும் கலர் படமாக இருக்கும். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்ப்பதைச் சயின்ஸ் புத்தகம்தான் முதலில் சொல்லும். தாதிக்கு இரண்டும் வேண்டும். தூய அறிவியல் மூன்றையும் எடுத்தவளுக்குப் பொது சயின்ஸ் இல்லாதபடி செய்த சாமர்த்தியம் உங்களுடையது இல்லை, கல்வி அமைச்சுடையது என்று தெரியும். ஆனால் இரு அமைச்சும் ஒரே புத்ராஜெயாவில்தானே இருக்கின்றன? தே தாரிக் குடிக்கும் நேரத்திலாவது பேசிக்கொள்ளக் கூடாதா?

2020-இல் கலைப்பிரிவு, அறிவியல் பிரிவு என்ற பேதமே ஒழிந்தது என்றார்கள். சந்தோஷம். இப்போது அதற்குப் பெயர் பாக்கேஜ். 2022-இல் படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வையும் எடுத்துவிட்டார்கள். ஆக, பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று காட்ட ஒரு பொதுத்தேர்வு முடிவுகூட இல்லாமல் பதினைந்து வயதில் பாக்கேஜ் தாளின் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

அந்தத் தாளைப் போன வாரம் ஒரு அக்கா பிள்ளையோடு வந்து என் மேசையில் விரித்தார். கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலை. சீருடையில் நூல் ஒட்டியிருந்தது. தாளின் மேலே பெயர், அடையாள அட்டை எண். நடுவில் பாக்கேஜ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கீழே பெற்றோர் கையெழுத்து. எந்த பாக்கேஜ் எந்தப் படிப்புக்குக் கொண்டுபோய் விடும் என்று ஒரு வரி இல்லை. போதுமான பிள்ளைகள் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும் என்பது மட்டும் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

"பாட்டிய சுல்தானா நோரா இஸ்மாயில் ஆஸ்பத்திரில சேர்த்திருந்தப்போ பாத்துட்டு வந்து, மிஸ்ஸியாத்தான் ஆவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது சார். எதுல டிக் போடணும்?"

"டிப்ளோமா மிஸ்ஸியா, டிகிரி மிஸ்ஸியா?" என்று கேட்டேன்.

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்மா என்னைப் பார்த்தார். டிப்ளோமா போதுமென்றால் பொது சயின்ஸ்தான் பத்திரம். நேராகப் பல்கலைக்கழக டிகிரிக்குப் போகிற ஆசை இருந்தால் மெட்ரிகுலேஷனிலோ எஸ்.டி.பி.எம்.-இலோ பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் கேட்பார்கள். அதற்கு இன்றைக்கே தூய அறிவியலில் இறங்க வேண்டும். இறங்கி மூழ்கினால் டிப்ளோமாவும் போச்சு. சமுசாவுக்குச் சாஸ் வேண்டுமா என்று கேட்டாலே பத்து நிமிடம் யோசிக்கிற பிள்ளை அது.

தாதியர் பற்றாக்குறைக்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு மூன்று கிரெடிட்டாக இருந்தது, ஐந்தாக ஏற்றினீர்கள். பிறகு தனியார் கல்லூரிகளுக்கு மறுபடி மூன்றாக இறக்கினீர்கள். தேறிய மிஸ்ஸிகளில் கைராசிக்காரர்கள் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்விடுவதற்கும் கிரெடிட் எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்பது என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. படிவம் மூன்று பிள்ளைகள் கையில் கொடுக்கும் அந்தத் தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. டிப்ளோமா தாதிக்கு இன்னது, டிகிரி தாதிக்கு இன்னது என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சடித்துக் கொடுங்கள். பயாலஜியில் 'டி' வாங்கியவளுக்கு ஒரு செமஸ்டர் ஆயத்தப் பாடம் வைத்து, தேறினால் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாது என்றால், மேலே கேட்ட அனுமதியை எழுத்தில் தாருங்கள். சட்டம் போட்டு மாடிச் சுவரில் மாட்டிவிட்டு, பயாலஜி வகுப்பை மூடிக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்கிறேன்.

தாளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வர ஆகும் காலம் எனக்குத் தெரியும் என்பதால், அதுவரை பென்சிலால் டிக் போட்டு வைக்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாடி வாத்தியார்